பதினாலு காரட் தாலி

முடிச்சூர்
8-7-1996

காந்திமதிக்கு,

வேதாசலம் எழுதிக்கொள்வது. நான் நலம். நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. நலமாக இருக்கத்தானே மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாய்.

தாம்பரத்தில் ரயில் ஏறினால் வண்டலூருக்கு அடுத்த ஸ்டேஷன் ஊரப்பாக்கம். நேரில் வந்து பேசாமல் எதற்கு இன்லண்ட் லெட்டர் என்று நீ கேட்பாய். நேரில் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீ மூன்று வாக்கியம் பேசிவிடுகிறாய். கடிதத்தில் அது நடக்காது. கடைசி வரி வரை நீ என்னைக் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

நேற்று நடந்ததை நான் எழுதுகிறேன். தவறிருந்தால் சொல். அம்மணியும் மாப்பிள்ளை ஜெயவேலுவும் என் அறுபதாம் கல்யாணத்தைப் பற்றிப் பேச வந்தார்கள். ஆவணி இருபது என்று நாள் குறித்தோம். நான் பிறந்த தாது வருஷமே திரும்பி வந்திருக்கிறது என்று மாப்பிள்ளை சந்தோஷமாகச் சொன்னார். "தாலி எதுல பண்ணலாம் மாமா?" என்று கேட்டார். "அறுபத்து மூணாம் வருஷம் கட்டின அதேதான், பதினாலு காரட்" என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது. "இன்னொரு தடவை செம்பு கட்டிக்க எனக்குக் கழுத்து இல்ல" என்று சொல்லிவிட்டு நீ பையைத் தூக்கிக்கொண்டு அவர்களோடு கிளம்பிவிட்டாய். காபி டம்ளர்கூட அப்படியே கிடந்தது.

அது செம்பு இல்லை. நம் கல்யாணத்துக்குச் சில மாதம் முன்னால், பதினாலு காரட்டுக்கு மேல் யாரும் புது நகை செய்யக் கூடாது என்று சர்க்கார் உத்தரவு போட்டது. இருபத்து நாலு பங்கில் பதினாலு பங்கு பொன், மீதி செம்பும் வெள்ளியும். நாட்டுக்கு நெருக்கடி, பொன் வெளிநாட்டிலிருந்து வரக்கூடாது என்று காரணமும் சொன்னது. நம் பக்கத்தில் எத்தனை பேர் அந்தச் சட்டத்தை மதித்தார்கள்? ஆசாரியைத் தனியாகப் பார்த்து இருபத்திரண்டு காரட்டில் செய்துகொண்டார்கள். என் அக்கா சாமுண்டீஸ்வரியின் வீட்டிலேயே அப்படித்தான் செய்தார்கள். சட்டப்படி தாலி கட்டியவன் நான் ஒருவன்தான். ரேடியோவுக்கு லைசென்ஸ் வேண்டியிருந்த காலத்தில், அதைக் காட்டாதவன் ரேடியோவை ரிப்பேர் செய்யமாட்டேன் என்று கடை வாசலில் போர்டு எழுதி வைத்தவன் நான். யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. மீதியை நானே படித்துத் தெரிந்துகொண்டேன்.

சுத்தமான உலோகம் மெத்தென்று இருக்கும், தேயும். ஈயத்தோடு தகரம் சேர்ந்தால்தான் பற்றவைப்பு நிற்கும். இதை நான் தினமும் கையால் செய்தவன். உன் தாலி இத்தனை வருஷத்தில் ஒரு இழைகூடத் தேயவில்லை. அதற்குக் காரணம் பதினாலு காரட்.

ஆகவே என் முடிவில் மாற்றமில்லை. வேறெந்தத் தாலியையும் நான் கட்டமாட்டேன்.

வேதாசலம்

பி.கு. உப்பு எங்கே?


ஊரப்பாக்கம்
12-7-1996

அம்மணி அப்பாவுக்கு,

உப்பு அடுப்பு மேடைக்கு மேலே இரண்டாவது தட்டில், ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கிறது. பக்கத்துப் பாட்டிலில் இருப்பது சோடா மாவு. கடிதம் எழுதுவதற்குள் அதைப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் பெயரை நான் எழுதுகிற வழக்கமில்லை. அதனால் மேல்விலாசத்தை அம்மணிதான் எழுதியிருக்கிறாள். உள்ளே இருப்பதெல்லாம் நான்.

நீங்கள் சொன்னதையெல்லாம் கடைசி வரி வரை படித்தேன். இனி நீங்கள் படியுங்கள். சட்டத்தை மதித்தீர்கள், சரி. அந்தச் சட்டத்தை என் கழுத்தில் அல்லவா மாட்டிவிட்டீர்கள்? கல்யாணமான மூன்றாம் நாள் உங்கள் அக்கா என் தாலியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு எல்லார் நடுவிலும், "இன்னாடி இது, இவ்ளோ செவப்பா கீது? எங்க தம்பி ரேடியோ கம்பியில செஞ்சிட்டானா?" என்று கேட்டார். அன்றிலிருந்து எந்த விசேஷத்துக்குப் போனாலும், "காந்திமதி, இன்னும் பச்ச புடிக்கலியா?" என்பார். அண்ணி என்பதால் பதில் சொல்லவும் முடியாது. வெயில் காலத்தில் கழுத்தைச் சுற்றிக் கறுப்பாகக் கோடு விழுகிறது. அதை மறைக்கப் பவுடர் போட்டுப் போட்டே நான் கிழவியாகிவிட்டேன்.

அந்தச் சட்டம் மூன்று நான்கு வருஷத்தில் போய்விட்டது. அப்போதே மாற்றித் தருகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னீர்களா? கட்டின தாலியை மாற்றுவது முறையில்லை என்றீர்கள். வாயை மூடிக்கொண்டேன். இப்போது முறைப்படியே புதுத் தாலி கட்ட ஒரு நாள் வருகிறது. இதற்காகத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தேன். அது இருபத்திரண்டு காரட்டாக இருந்தால் மணையில் வந்து உட்காருவேன். இல்லையென்றால் நீங்கள் மட்டும் உட்கார்ந்து உங்கள் கழுத்திலேயே கட்டிக்கொள்ளுங்கள்.

கடிதத்தில் ஒரு மூலையில் மஞ்சளாக ஏதோ சிந்தியிருக்கிறது. மோந்து பார்த்தேன். அது சாம்பாரா, ரசமா?

காந்திமதி


முடிச்சூர்
17-7-1996

காந்திமதிக்கு,

அது ரசம். நன்றாகவே வந்தது.

உன் மிரட்டலுக்கு நான் அஞ்சவில்லை என்பதைத் தெரிவிக்கவே தாம்பரம் கடைத்தெருவுக்குப் போய்வந்தேன். ஒரு கடை விடாமல் ஏறிப் பதினாலு காரட்டில் தாலிப் பொட்டு வேண்டும் என்று கேட்டேன். முதல் கடையில் கல்லாவில் இருந்த பையன், "பதினாலா? பெரியவரே, அது இன்னா பஸ் நம்பரா?" என்றான். அடுத்த கடையில் குளிர்பானம் கொடுத்து உட்கார வைத்தார்கள். காரட்டைச் சொன்னதும் டம்ளரைத் திரும்ப வாங்கிக்கொள்ளாதது ஒன்றுதான் பாக்கி. மூன்றாவது கடைக்காரர், "கவரிங் கட எதிர்ல கீது சார்" என்று மரியாதையாகக் கையைக் காட்டினார்.

இதே கடைகளின் அப்பாக்களும் மாமாக்களும் ஒரு காலத்தில் பதினாலு காரட் வளையல்களை வாசலில் தொங்கவிட்டு விற்றவர்கள். ஒருவருக்கும் நினைவில்லை. இந்த நாட்டில் சட்டத்தை மீறியவர்களுக்கு அடையாளமாகக் கழுத்து நிறைய நகை இருக்கிறது. மதித்தவனுக்கு ஒரு பஸ் நம்பர்தான் மிச்சம்.

கடைகளை விட்டுவிட்டேன். நம் தாலியைச் செய்த ஆசாரியின் மகன் ஏகநாதன் இப்போது மேற்குத் தாம்பரத்தில் பட்டறை வைத்திருக்கிறான் அல்லவா? அவனிடமே கொடுக்கப்போகிறேன்.

உன் கழுத்துக் கறுப்புக்கும் தாலிக்கும் சம்பந்தமில்லை. அது பவுடரால் வருவது.

வேதாசலம்

பி.கு. சோடா மாவு போட்டால் பருப்பு சீக்கிரம் வேகிறது. இது உனக்குத் தெரியுமா?


ஊரப்பாக்கம்
22-7-1996

அம்மணி அப்பாவுக்கு,

தெரியும். அளவோடு போடவேண்டும் என்பதும் தெரியும். வயிறு எப்படி இருக்கிறது?

நீங்கள் கடை கடையாக ஏறியதை இங்கே சத்தமாகப் படித்தேன். பஸ் நம்பர் வந்ததும் மாப்பிள்ளை எழுந்து வாசலுக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தார். உங்கள் மேல் அவ்வளவு மரியாதை.

நானும் சும்மா இல்லை. அம்மணியை அழைத்துக்கொண்டு ஏகநாதனைப் பார்த்து, இருபத்திரண்டு காரட்டில் பொட்டு செய்யச் சொல்லிவிட்டேன். "சார் ஒத்துக்கினாரா?" என்று கேட்டார். "சார் என் பேச்சைத் தட்டமாட்டார்" என்று சொன்னேன். இப்படி ஒரு பொய்யை நான் வாழ்க்கையில் சொன்னதில்லை. சொல்லும்போது எனக்கே சிரிப்பு வந்தது.

பழைய பொட்டை ஆடிப் பெருக்கன்று கயிறு மாற்றும்போது எடுத்துவாருங்கள், அளவும் வடிவமும் பார்க்கவேண்டும் என்றார். சரி என்றிருக்கிறேன்.

உங்களிடம் இருந்து ஒன்றும் எனக்கு வேண்டாம். சேலை கேட்டேனா? வளையல் கேட்டேனா? உங்கள் அக்கா முன்னால் ஒரு தடவை நிமிர்ந்து நிற்கவேண்டும். அதைத்தான் கேட்கிறேன்.

காந்திமதி


முடிச்சூர்
28-7-1996

காந்திமதிக்கு,

நீ ஏகநாதனிடம் போனது உன் கடிதம் வருவதற்கு முன்பே எனக்குத் தெரியும். மிகுந்த அவமானத்தோடு தெரிந்துகொண்டேன்.

நான் போய்ப் பதினாலு என்றதும் அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "சார், இத்தினி வருசமா நல்ல பேர் எடுத்து வெச்சிகினு இருக்கேன். நாளைக்கி யார்னா பாத்துட்டு ஏகநாதன் செம்பு கலந்துட்டான்னா நான் பட்டறையை மூடிக்கினு போவ வேண்டியதுதான். நீங்கதான் கலக்கச் சொன்னீங்கன்னு நாலு பேர் காதுல வுழற மாரி சொல்லுங்க, செய்றேன்" என்றான்.

நியாயமான பேச்சு. நான் பட்டறை வாசலில் நின்று, "செம்பு கலக்கச் சொன்னது நான்தான்" என்று உரக்கச் சொன்னேன். மார்க்கெட்டுக்கு வந்தவர்கள் நின்றார்கள். ஒருத்தர், "இன்னா பெருசு, ஏமாத்திட்டானா?" என்றார். "இல்லை, கலக்கமாட்டேன் என்கிறான்" என்றேன். கூட்டம் இன்னும் பெரிதாகிவிட்டது. போக்குவரத்துக் காவலர் வந்து என்னைக் கையைப் பிடித்து ஓரமாக நிறுத்தி, "வூட்ல யார்னா கீறாங்களா தாத்தா?" என்று கேட்டார். இல்லை என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

பிறகுதான் ஏகநாதன், "அம்மா வேற வந்து இருபத்திரண்டு சொல்லிட்டுப் பூட்டாங்க சார். நான் யார் பேச்சக் கேக்கறது? நீங்க ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க. அதுவரைக்கும் ரெண்டையும் தொடமாட்டேன்" என்றான். தெருவில் நின்று உண்மை பேசியவன் நான். உள்ளே உட்கார்ந்து பொய் சொன்னவள் நீ. ஆசாரிக்கு இரண்டும் ஒன்றாகிவிட்டது.

பேசி முடிவுக்கு வர ஒன்றுமில்லை. பதினாலு.

வேதாசலம்

பி.கு. வயிறு இப்போது பரவாயில்லை.


ஊரப்பாக்கம்
4-8-1996

அம்மணி அப்பாவுக்கு,

இங்கே இரண்டு நாளாக மழை. அம்மணி வீட்டுக் கொல்லையில் முருங்கை சாய்ந்துவிட்டது. பெருக்கன்று சித்ரான்னங்கள் செய்தோம். தேங்காய்ச் சாதம் உங்களுக்குப் பிடிக்கும் என்று பேசிக்கொண்டோம்.

இதையெல்லாம் எதற்கு எழுதுகிறேன் என்றால், எழுதவேண்டியதை எழுதக் கை வரவில்லை. அம்மணி, "எழுதாதம்மா, அப்பா தாங்கமாட்டாரு" என்கிறாள். மாப்பிள்ளை, "எழுதுங்க அத்தை, எழுதுங்க" என்கிறார். எழுதுகிறேன். உட்கார்ந்து படியுங்கள்.

அன்று காலை மஞ்சள் கட்டிய புதுக் கயிற்றைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, பொட்டை மட்டும் ஏகநாதனிடம் எடுத்துப்போனோம். அளவு பார்த்தார். பிறகு, எவ்வளவு மட்டம் என்று எனக்குக் காட்டுவதற்காக உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்தார். திராவகம் வைத்தார். மறுபடி இழுத்தார். "அம்மா, இது பதினாலு இல்லம்மா" என்றார். பன்னிரண்டா, பத்தா என்று கேட்டேன். "இருபத்திரண்டும்மா" என்றார்.

மூலையில் அவருடைய அப்பா உட்கார்ந்திருந்தார். நம் தாலியைச் செய்தவர். காது மந்தம், கண் நன்றாகத் தெரிகிறது. பொட்டை வாங்கி மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு ஒரு சிரிப்பு சிரித்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"மாப்ள வந்து பொன்னு குடுத்துட்டு, பதினாலுதான்னு ரெண்டு தபா சொல்ட்டுப் போனாரும்மா. மறுநாளு ஒங்கப்பா வந்தாரு. ஒங்கம்மா கம்மலை வேட்டில முடிஞ்சிகினு வந்தாரு. செம்பு போடற எடத்துல இத்தப் போடு, மாப்ளைக்கு மட்டும் தெரிய வேணாம், தங்கமான மன்சன், மனசு ஒடஞ்சிடுவாருன்னாரு. சட்டம் இன்னிக்கி வரும், நாளைக்கிப் பூடும், என் பொண்ணு கழுத்துல கெடக்கறது கெடந்துகினே இருக்கணும்னாரு. நான் வெள்ளியே சேக்காம ரவ செம்பு மட்டும் போட்டேன். செவப்பாத் தெரிஞ்சாதானே மாப்ள நம்புவாரு?"

பட்டறையிலேயே நான் சிரித்தேன். அழுதேன். இரண்டும் ஒன்றாக வந்தது. எங்கள் அப்பா இதைச் சொல்லாமலே போய்விட்டார். அம்மா ஏன் ஓலைத் தோடு போட்டுக்கொண்டு என் கல்யாணத்தில் நின்றாள் என்பது இப்போதுதான் தெரிகிறது.

நான் ஜெயித்துவிட்டேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். யோசித்துப் பார்த்தால், இத்தனை வருஷமாக இல்லாத ஒரு குறைக்காக உங்களைத் திட்டியிருக்கிறேன். இனி எதைச் சொல்லித் திட்டுவேன்?

காந்திமதி


முடிச்சூர்
7-8-1996

காந்திமதிக்கு,

நம்பவில்லை. ஏகநாதனின் அப்பாவுக்கு வயதாகிவிட்டது. ஏகநாதனின் கல் பழைய கல். யாருக்கோ செய்த நகையின் பொடி அதில் ஒட்டியிருக்கும்.

சௌகார்பேட்டைக்குப் போய்ப் புது உரைகல்லும், சோதனைக் குச்சிகளும், திராவகமும் வாங்கிவந்துவிட்டேன். எப்படி உரைப்பது என்று ஒரு புத்தகத்தைப் பார்த்துப் பழகிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் உள்ள பித்தளைக் குத்துவிளக்கு பித்தளைதான் என்பது உறுதியாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறேன். சோதனைக்காக மட்டும். சாப்பிடமாட்டேன்.

வேதாசலம்


ஊரப்பாக்கம்
13-8-1996

அம்மணி அப்பாவுக்கு,

சாப்பிடமாட்டேன் என்று எழுதியவர் ஒன்பது வாழைப்பூ வடை சாப்பிட்டதை நான் எண்ணவில்லை, அம்மணிதான் எண்ணினாள். மெலிந்துவிட்டீர்கள்.

தாலியை மறுபடி கழற்றமாட்டேன், கழுத்தில் இருக்கும்போதே உரைத்துக்கொள்ளுங்கள் என்றதும் நீங்கள் முழித்த முழி இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கல்லை என் மோவாய்க்குக் கீழே பிடித்துக்கொண்டு, "ஆடாதே, ஆடாதே" என்றீர்கள். கல்யாணமான புதிதில்கூட என் கழுத்துக்கு அவ்வளவு பக்கத்தில் அவ்வளவு நேரம் நீங்கள் இருந்ததில்லை. பேரப்பிள்ளைகள் இல்லாத நேரமாகப் பார்த்து வந்திருக்கலாம்.

நான்கு தடவை உரைத்தீர்கள். நான்கு தடவையும் இருபத்திரண்டு. பிறகு மாப்பிள்ளை மோதிரம், அம்மணி கம்மல் என்று வரிசையாக உரைத்தீர்கள். செய்தி கேள்விப்பட்டுப் பல்லாவரத்திலிருந்து வந்திருந்த அண்ணியைப் பார்த்து, "அக்கா, உன்னுதையும் குடு" என்றீர்களே, அங்கேதான் எனக்கு உயிர் வந்தது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "எனக்கு வூட்ல வேல கீதுடா" என்று கிளம்பியவர் காபிகூடக் குடிக்கவில்லை. போகும்போது என் தாலியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். பச்சை பிடித்ததா என்று கேட்கவில்லை.

எல்லாரும் சிரித்தோம். நீங்கள் மட்டும் கல்லைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் ஸ்டேஷனுக்குப் போய்விட்டீர்கள். நீங்கள் பேசாமல் போனது எனக்கு நன்றாக இல்லை. திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள்.

காந்திமதி


முடிச்சூர்
15-8-1996

காந்திமதிக்கு,

இன்று சுதந்திர தினம். வழக்கம்போலக் கொடி ஏற்றக் கூப்பிட்டார்கள். வரமாட்டேன் என்றுவிட்டேன். சட்டத்தை மீறியவன் எந்த முகத்தோடு கொடிக்கயிற்றைப் பிடிப்பது?

உன் அப்பா மேல் எனக்கு எவ்வளவு மரியாதை இருந்தது என்று உனக்குத் தெரியும். அவர் செய்த வேலையைப் பார். சட்டப்படி தாலி கட்டியவன் நான் ஒருவன் என்று பஞ்சாயத்து ஆபீசிலும் ரயிலிலும் ரேஷன் கடை வரிசையிலும் சொல்லிக்கொண்டிருந்தேன். பத்திரிகைக்கு எழுதினேன். அத்தனையும் பொய். என்னை அறியாமலே பொய்யனாக்கிவிட்டார். தங்கக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கு எழுதிக் குற்றத்தை ஒப்புக்கொள்ளலாம் என்று பார்த்தால், அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள், ஆபீசும் இல்லை. தண்டனை கொடுக்கக்கூட ஆளில்லாத குற்றவாளி நான்.

தேயாததற்குக் காரணம் பதினாலு காரட் என்று சொல்லிவந்தேன். அதுவும் போயிற்று. ஆனால் உன் கழுத்துக் கறுப்புக்குத் தாலி காரணம் இல்லை என்று நான் அப்போதே சொன்னேன். பவுடர்தான். அதை நீ ஒப்புக்கொண்டு எழுதவேண்டும்.

ஒன்று சொல்லவேண்டும். உன் அம்மாவின் கம்மல் அதில் இருப்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வாங்கியிருக்கமாட்டேன். இப்போது அது உன் கழுத்திலேயே இருக்கட்டும்.

நான்கு நாள் யோசித்துவிட்டேன். முடிவு இதுதான். அறுபத்து மூன்றில் நான் கட்டுவதாகச் சொன்ன பதினாலு காரட் தாலியை நான் இன்னும் கட்டவே இல்லை. சொன்னதை ஒருவன் அறுபது வயதிலாவது செய்யவேண்டும். ஆகவே புதுத் தாலி பதினாலு காரட்டில்தான். முன்பு அது என் விருப்பம். இப்போது அது என் கடன்.

நீ வருவாயா, மாட்டாயா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் தயக்கமாக இருக்கிறது. உன் பக்கம் இப்போது நியாயம் அதிகம்.

வேதாசலம்


ஊரப்பாக்கம்
19-8-1996

அம்மணி அப்பாவுக்கு,

பவுடர்தான். எழுதிவிட்டேன். போதுமா?

உங்கள் முடிவைப் படித்ததும் அம்மணி தலையில் அடித்துக்கொண்டாள். "இவரு திருந்தவே மாட்டாரா?" என்றாள். எனக்கு மட்டும் நிம்மதியாக இருந்தது. பேசாமல் போன மனிதர் மறுபடி பிடிவாதம் பிடிக்கிறார், உடம்பு சரியாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன்.

எங்கள் அப்பாவைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் சட்டத்தை ஏமாற்றவில்லை, உங்களைத்தான் ஏமாற்றினார். அதுவும் "தங்கமான மன்சன், மனசு ஒடஞ்சிடுவாரு" என்று பயந்து. ஊரில் எந்த மாமனார் மாப்பிள்ளைக்கு அப்படிப் பயந்தார்?

நான் வருகிறேன். பதினாலே செய்யுங்கள். அறுபதாம் கல்யாணத்தில் பழையதைக் கழற்றுவதில்லை, பக்கத்தில்தானே புதுசு ஏறப்போகிறது. அப்பா கொடுத்த இருபத்திரண்டு ஒரு பக்கம், நீங்கள் சொன்ன பதினாலு ஒரு பக்கம். யார் கேட்டாலும் இரண்டையும் எடுத்துக் காட்டுவேன். உங்கள் அக்காவுக்கு முதலில் காட்டுவேன்.

ஒரு நிபந்தனை. போன தடவை நீங்கள் பொன்னைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டீர்கள், அதனால் ஏமாந்தீர்கள். இந்தத் தடவை வெள்ளிக்கிழமை பட்டறையில் உருக்கும்போது உருக்குக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் நான் உட்காருவேன். யாரும் அதிகமாகப் பொன் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. இப்படி ஒரு காவல் எந்தப் பெண்ணாவது காத்திருப்பாளா?

உருக்கிவிட்டு நான் ஊரப்பாக்கத்துக்கே திரும்பிவிடுவேன். கல்யாணப் பெண் முகூர்த்தத்துக்கு முன்னாலேயே மாப்பிள்ளை வீட்டில் வந்து குந்திக்கொள்வது முறையில்லை. முறை பேசுகிறவருக்கு இது தெரிந்திருக்கும்.

காந்திமதி


முடிச்சூர்
28-8-1996

காந்திமதிக்கு,

வெள்ளிக்கிழமை நீ வந்தாய், உட்கார்ந்தாய், முகம் சிவக்க நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாய், திரும்பிப் போய்விட்டாய். ஸ்டேஷன் வரை வந்தேன். வண்டி வந்ததும் நீ ஏறியே விட்டாய். முறைதான். இருந்தாலும் வீட்டுக்கு வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போயிருக்கலாம். அதற்கு எதிராக எந்த முறையும் இல்லை.

பொட்டு நேற்று கைக்கு வந்தது. வேலை சுத்தம். நிறம் பழையதைவிட மங்கல். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியும், நீ இப்போதே தெரிந்துகொள். ஏகநாதன், "உங்க கல்லு கீதே சார், உரைச்சிப் பாத்துக்குங்க" என்றான். வேண்டாம் என்றுவிட்டேன்.

நீ வேறு ஏதாவது நினைத்துக்கொள்ளாதே. கல் இப்போது உபயோகத்தில் இல்லை. போன வாரம் ரசத்துக்கு இஞ்சியும் மிளகும் நசுக்க வேறொன்றும் கைக்குக் கிடைக்கவில்லை. அம்மிக்குழவியை நீ எங்கே வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அந்தக் கல்லில் எதை உரைத்தாலும் மிளகு வாசனைதான் வருகிறது. இது ஒன்றுதான் காரணம்.

ரசம் மிக நன்றாக வந்தது.

வேதாசலம்


ஊரப்பாக்கம்
31-8-1996

அம்மணி அப்பாவுக்கு,

அம்மிக்குழவி அம்மி மேலேயேதான் இருக்கிறது. முப்பத்து மூன்று வருஷமாக அங்கேதான் இருக்கிறது.

கல் போனால் போகட்டும். நீங்கள் கேட்காததால் நானே சொல்கிறேன். உருக்கும்போது நீங்கள் ஊதுகுழல் பக்கம் திரும்பிய நேரத்தில், ஏகநாதனின் அப்பா என் காதருகே குனிந்து, "இந்த வாட்டியும் ஏத்திப் போட்றட்டா தாயி? மாப்ள பாக்கல" என்றார். கையில் ஒரு குன்றிமணிப் பொன்னைத் தயாராக வைத்திருந்தார். பாவம், பழைய பழக்கம்.

"வேணாம், அவரு சொன்ன மாரியே போடுங்க" என்றேன். அவருக்குக் காது கேட்கவில்லை. மறுபடி சத்தமாகச் சொன்னேன். "இன்னா?" என்று நீங்கள் திரும்பினீர்கள். "ஒண்ணும் இல்ல, புகை" என்றேன். அதுதான் நடந்தது. ஆகவே நீங்கள் உரைக்காமலே நம்பலாம். ஆவணி இருபது அன்று, நீங்கள் சொன்ன தாலியை முதல் தடவையாக எனக்குக் கட்டப்போகிறீர்கள்.

ஒரே ஒரு வேண்டுதல். முதல் முடிச்சை நீங்கள் போட்டதும் மற்ற இரண்டையும் நாத்தனார் முறையில் உங்கள் அக்கா போடவருவார். கையில் எடுத்ததும் நிறத்தைப் பார்ப்பார், வாயைத் திறப்பார். இந்தத் தடவை மூன்று முடிச்சையும் நீங்களே போட்டுவிடுங்களேன். எனக்காக.

காந்திமதி


முடிச்சூர்
2-9-1996

காந்திமதிக்கு,

முடியாது. முதல் முடிச்சு நான், மற்ற இரண்டும் அக்கா. முறையை எனக்காகவும் உனக்காகவும் மாற்றமுடியாது.

ஆனால் என் முடிச்சை, அவள் போடும் இரண்டும் அவிழ்ந்தாலும் அவிழாதபடி போடுகிறேன். நேற்றிலிருந்து வயரில் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சீக்கிரம் வா. உப்பு தீர்ந்துவிட்டது.

வேதாசலம்